தெருவைத் தோண்டாமல் பாதாளச் சாக்கடையைச் சீராக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெரிசலான கடைவீதிகளுக்கு அடியில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கழிவுநீர்க் குழாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரே இடத்தில் சாலை திரும்பத் திரும்ப உள்வாங்குகிறது. ஜல்லி கொட்டித் தார் போட்டு மூடினாலும் சில மாதங்களில் மறுபடி பள்ளம். கனரக வண்டிகள்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

வண்டி கடைசி அழுத்தத்தை மட்டுமே கொடுக்கிறது. பள்ளம் கீழிருந்து வளர்கிறது. குழாயின் மூட்டு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தாலே போதும். நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு மேலே இருக்கும் நாட்களில் நீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே வரும். வரும்போது சுற்றியுள்ள நுண்மணலையும் இழுத்து வரும். பெருமழையில் குழாய் நிரம்பி அழுத்தம் ஏறினால் அதே இடுக்கு வழியாக நீர் வெளியே தள்ளி மண்ணை இளக்கும். வடியும்போது இளகிய மண் உள்ளே சரியும். இப்படிப் போகவரப் போகவர, குழாய்க்கு மேலே ஒரு வெற்றிடம் உருவாகி மெல்ல மேலேறும். கடைசியில் தார்ப்பரப்பு மட்டும் ஒரு பாலம்போல் நின்றுகொண்டிருக்கும்.

உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. அந்தப் பள்ளத்துக்கு அடுத்து, கழிவு ஓடும் திசையில் உள்ள கீழ்ப்பக்க மேன்ஹோலின் மூடியைத் திறக்கச் சொல்லி, மேலிருந்தே விளக்கடித்துப் பாருங்கள். சாக்கடையில் இயல்பாகப் படிவது கரிய, கொழகொழத்த சகதி. அதற்குப் பதிலாகப் பழுப்பு நிற மணலோ, குழாயைப் பதித்தபோது அடியில் பரப்பிய சரளையோ கிடந்தால், அதை வாரி எடுத்த சில வாரங்களிலேயே மீண்டும் சேர்ந்தால், தெருவின் அடிமண்தான் அங்கே வந்து விழுந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் தார் போடுவது வீண்வேலை. வண்டிகளை உடனே விலக்கிவிட்டு, கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் உள்ள யாஷியோ நகரில் ஒரு சாலைச் சந்திப்பு உள்வாங்கி, லாரி ஒன்று ஓட்டுநருடன் உள்ளே விழுந்தது. அவரை உயிருடன் மீட்க முடியவில்லை. அடியில் இருந்தது சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 1983 முதல் பயன்பாட்டில் இருந்த, 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 12 லட்சம் பேரிடம் தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குழாய்க்கு வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: கழிவு ஓடுவது குழாயின் அடியில். ஆனால் கான்கிரீட் குழாயின் மேல்வளைவுதான் அரித்துப்போயிருக்கிறது. ஏன்?

நீருக்கு அடியில் இருக்கும் பகுதி ஒருவகையில் பாதுகாப்பாக இருக்கிறது. குழாய்ச் சுவரில் படியும் பாசிபோன்ற வழவழப்புக்குள் காற்று புகாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. நீர் கொந்தளிக்கும் இடங்களில் அது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறி மேலே போகிறது. மேல்வளைவில் எப்போதும் ஈரம் பூத்திருக்கும். அங்கே இன்னொரு வகை பாக்டீரியா அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்குகிறது. அமிலம் சிமென்ட்டை ஜிப்சமாக மாற்றிவிடும். கம்பியால் சுரண்டினால் ஈரச் சுண்ணாம்புபோல் உதிர்ந்து வரும் வெள்ளைப் பொருள் அதுதான். மோசமான இடங்களில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் போய்விடும். பிறகு கம்பிகள் வெளியே தெரியும், கடைசியில் கூரை விழும்.

பம்பிங் நிலையத்திலிருந்து அழுத்தக் குழாய் வந்து கொட்டும் மேன்ஹோல், உயரத்திலிருந்து நீர் விழும் இடங்கள், வாட்டம் (குழாயின் சரிவு) குறைந்து கழிவு தேங்கும் நீளங்கள் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். சுட்ட மண் குழாயை இந்த அமிலம் தொடாது. அதன் பலவீனம் வேறு: மூட்டுகள் அதிகம், வேர் புகும், உடையும்.

கேள்வி: எந்தக் குழாய்க்கு உள்ளுறை (பழைய குழாயின் உட்சுவரில் ஒட்டிப் பொருந்தும் புது உறை) போதும், எதைத் தோண்டி மாற்றியே ஆக வேண்டும்? எப்படி முடிவெடுப்பது?

கேமரா பார்க்காமல் எடுக்கும் முடிவு எதுவும் முடிவே அல்ல. கேமராவுக்கு முன்னால், அழுத்தத்தில் நீர் பாய்ச்சும் ஜெட்டிங் வண்டியால் குழாயைக் கழுவ வேண்டும். சகதி மூடிய விரிசல் படத்தில் தெரியாது. ஆனால் எச்சரிக்கை தேவை. நொறுங்கிய நிலையில் உள்ள குழாயில் முழு அழுத்தத்தில் ஜெட் அடித்தால் தளர்ந்த துண்டுகள் பெயர்ந்து, பின்னாலுள்ள மண்ணும் கரைந்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் கழுவாமலே ஒருமுறை கேமரா விட்டு, பிறகு குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். கேமரா நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும், ஒவ்வொரு பழுதிலும் நின்று, தொடக்க மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டர், குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்தால் முள்ளின் எந்த நிலையில் என்று குறிக்க வேண்டும். பின்னால் வீட்டு இணைப்புகளைத் திறக்கும்போது இந்தக் குறிப்பை நம்பித்தான் வேலை நடக்கும்.

விரிசல், பிரிந்த மூட்டு, வேர், அரிப்பு, சிறு ஓட்டைகள் இருந்தாலும் குழாய் இன்னும் ஏறக்குறைய வட்டமாக நின்றால் உள்ளுறை பொருந்தும். இடிந்து அடைத்த இடம், தட்டையாக நசுங்கிய இடம் ஆகியவற்றை அந்த அளவில் மட்டும் தோண்டிச் சரிசெய்துவிட்டு மீதிக்கு உறை போடலாம்.

உறையால் ஒருபோதும் தீராத குறை ஒன்று உண்டு. அது வாட்டம். உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். நடுவில் தொய்ந்து நீர் தேங்கும் குழாய்க்குள் உறை போட்டால் வழவழப்பான, ஓட்டையில்லாத, தொய்ந்த குழாய் கிடைக்கும். கேமரா நீருக்குள் மூழ்கி எழும் நீளத்தைக் கவனியுங்கள். விட்டத்தில் கால் பங்குக்கு மேல் நீர் நிற்கிறது, அங்கே அடைப்பும் அடிக்கடி வருகிறது என்றால், அந்த நீளத்தைத் தோண்டி வாட்டம் சரிசெய்வதே நேர்மையான வேலை. இதை மறைத்து முழு நீளத்துக்கும் உறை போடுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு என்பது எங்கள் கருத்து.

கேள்வி: உறை போடும் நாளில் என்னென்ன நடக்கும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

ரெசின் (இறுகிக் கெட்டிப்படும் பிசின்) ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, அங்கேயே இறுக வைக்கும் முறையைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். 1971இல் எரிக் வுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் லண்டனில் முதன்முதலாகச் செய்து காட்டிய முறை இது. அடிப்படை இன்றும் அதேதான்.

தொழிற்கூடத்தில், ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) குழலுக்குள் இருக்கும் காற்றை வெற்றிடப் பம்பால் உறிஞ்சியெடுத்து, பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசினை ஊற்றி, இரண்டு உருளைகளுக்கு நடுவே இழுப்பார்கள். உருளைகளின் இடைவெளிதான் தடிமனைத் தீர்மானிக்கும். 300 மி.மீ. விட்டம், 60 மீட்டர் நீளம், 6 மி.மீ. தடிமன் என்றால் உறையின் மொத்தக் கனஅளவு சுமார் 330 லிட்டர். அதில் ஃபெல்ட் எட்டில் ஒரு பங்கு. மீதி 290 லிட்டர் ரெசின். பழைய குழாயின் விரிசல்களுக்குள் போவதற்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதல் சேர்த்தால் சற்றேறக்குறைய 310 லிட்டர், எடையில் 340 கிலோ. களத்துக்கு வரும் குழலை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெசின் குறைந்தால் உறையில் உலர்ந்த திட்டுகள் விழும். ஊறிய குழல் குளிரூட்டிய வண்டியில் வர வேண்டும். வழியில் சூடேறினால் மடிப்பு மடிப்பாக வண்டியிலேயே இறுகத் தொடங்கிவிடும்.

களத்தில் முதல் வேலை, மேல்பக்க மேன்ஹோலில் அடைப்பான் வைத்து, கழிவைப் பம்பு மூலம் அடுத்த மேன்ஹோலுக்குத் திருப்புவது. இதற்கு உச்சநேர ஓட்டத்தைத் தாங்கும் ஒரு பம்பும், அதே அளவு மாற்றுப் பம்பும் வேண்டும். கடைவீதியில் இரவு வேலையை விரும்புவதற்குப் போக்குவரத்து மட்டுமல்ல, இரவில் கழிவு குறைவு என்பதும் காரணம். அடைப்பானுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. அது நழுவினால் பின்னால் தேங்கிய முழு நீரும் ஒரே வீச்சில் வரும்.

அடுத்து இறுதிக் கழுவல். உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் வீட்டு இணைப்புக் குழாய்களை ரோபோ வெட்டியால் சமமாக்குதல். நீர் பீறிடும் மூட்டுகளை முன்கூட்டியே ரசாயனக் கூழால் அடைத்தல். இந்தக் கடைசி வேலையைப் பலர் தவிர்க்கிறார்கள். குளிர்ந்த நிலத்தடி நீர் உறையின் முதுகில் ஓடிக்கொண்டே இருந்தால், ரெசின் அந்த இடத்தில் சூடேறவே ஏறாது. மறுநாள் பார்த்தால் அங்கே மட்டும் ரப்பர்போல் நெகிழும்.

பிறகு குழலை மேன்ஹோலின் மேலிருந்து, சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல், நீர் அழுத்தத்தாலோ காற்றழுத்தத்தாலோ திருப்பித் திருப்பி உள்ளே தள்ளுவார்கள். ரெசின் இருக்கும் பக்கம் வெளியே வந்து பழைய சுவரில் ஒட்டும். உள்ளே சுடுநீரைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுழல விடுவார்கள், அல்லது நீராவி செலுத்துவார்கள். இரண்டு முனைகளிலும் உறைக்கும் பழைய குழாய்க்கும் இடையே, அடிப்பகுதியில், வெப்பமானிக் கம்பி வைத்திருக்க வேண்டும். கொதிகலனில் காட்டும் வெப்பம் உறையின் வெப்பம் அல்ல. நீராவி முறையில் தொய்ந்த இடங்களில் ஆவி குளிர்ந்து நீராகத் தேங்கும். அடிப்பகுதி இறுகாமல் போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

அவசரப்பட்டுக் கெடுக்கும் கட்டம் குளிரவிடுவது. சுடுநீர் முறையில் 38 டிகிரிக்குக் கீழும், நீராவி முறையில் 45 டிகிரிக்குக் கீழும் வந்த பிறகே உள் அழுத்தத்தைத் திறந்துவிடலாம். முன்பே விட்டால் சூடான உறை சுருங்கி, சுவரிலிருந்து விலகும்.

கண்ணாடியிழை உறையில் புறஊதா விளக்குத் தொடரை உள்ளே இழுத்து இறுக வைக்கும் முறையும் இருக்கிறது. வேகமானது, தண்ணீர் வேண்டாம், விளக்குத் தொடரின் முனையிலுள்ள கேமரா இறுகுவதற்கு முன்பே சுருக்கங்களைக் காட்டிவிடும். விளக்கு எத்தனை எரிந்தது, எந்த வேகத்தில் இழுக்கப்பட்டது, உள்ளே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு விளக்கு அணைந்தும் அதே வேகத்தில் இழுத்திருந்தால் அந்த நீளம் சந்தேகத்துக்குரியது.

கேள்வி: குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்தால் கொள்ளளவு குறைந்துவிடாதா?

மெல்லிய உறையில் குறையாது. 300 மி.மீ. குழாய்க்குள் 6 மி.மீ. உறை போட்டால் விட்டம் 288 ஆகும். விட்டம் குறைந்ததால் மட்டும் ஓட்டம் 10 சதவீதம் குறையும். ஆனால் சொரசொரப்பும் குறைகிறது. சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண் பழைய குழாயில் 0.013, உறையில் 0.011 என்று வைத்தால் அது 18 சதவீதம் கூட்டிக்கொடுக்கும். நிகரமாக 6 சதவீதம் அதிகம்.

அதே 300 மி.மீ. குழாய்க்குள் 250 மி.மீ. வெளிவிட்டமுள்ள தடித்த பாலிஎத்திலீன் குழாயைச் செருகினால் கதை வேறு. உள்விட்டம் 220 மி.மீ. அளவுக்கு வந்துவிடும், வழவழப்பைக் கணக்கில் சேர்த்தாலும் பழைய ஓட்டத்தில் பாதிதான் மிஞ்சும். ஏற்கெனவே நிரம்பி வழியும் தெருவில் செருகு குழாய் போடாதீர்கள்.

கேள்வி: பக்கத்துத் தெருவில் உறை போட்டபோது எங்கள் வீட்டுக் குளியலறையில் பெயின்ட் நாற்றம் வந்தது. ஆபத்தா?

அது பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன். மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வந்தால் அலட்சியம் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போங்கள், வேலை செய்பவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

நாற்றம் நுழையும் வழி, பெரும்பாலும் நீர் வற்றிப்போன தரை வடிகாலின் வளைவு. அதில் நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. வேலைக்கு முந்தைய நாள், அதிகம் பயன்படுத்தாத குளியலறை உட்பட எல்லா வடிகால்களிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஜெட்டிங் நாளில் கழிப்பறை மூடியையும் மூடி வையுங்கள். காற்றழுத்தத்தில் நீர் மேலே தெறிப்பது உண்டு.

கேள்வி: வேலை முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் கழிப்பறை மட்டும் வடியவில்லை. பக்கத்து வீடுகளில் பிரச்சினை இல்லை.

உங்கள் இணைப்பின் வாய் திறக்கப்படவில்லை, அல்லது அரைகுறையாகத் திறக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதை இப்போதே நிறுத்திவிட்டு ஒப்பந்ததாரரைக் கூப்பிடுங்கள். உறை போட்டதும் எல்லா வீட்டு இணைப்புகளின் வாயும் மூடிக்கொள்ளும். பிறகு ரோபோ வெட்டி உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கும். இணைப்பு இருக்கும் இடத்தில் உறை லேசாகக் குழிந்திருக்கும். தடித்த உறையில் அந்தக் குழி தெரியாது, அப்போது முன்பு எழுதிய மீட்டர் குறிப்புதான் வழிகாட்டி. குறிப்பில் பிழை என்றால் வாய் தவறிய இடத்தில் வெட்டப்படும், நல்ல உறையில் ஓட்டையும் விழும். வெட்டிய விளிம்பைக் கம்பித் தூரிகையால் மழுங்கச் செய்தார்களா என்றும் கேளுங்கள். பிசிறு நின்றால் துணியும் காகிதமும் அதில்தான் மாட்டும்.

கேள்வி: தெரு முழுவதும் உறை போட்டாயிற்று. இருந்தும் பம்பிங் நிலையத்துக்கு வரும் நீர் பெரிதாகக் குறையவில்லையே?

நிலத்தடி நீருக்கு ஒரு கதவை மூடினால் அடுத்த கதவைத் தேடும். முன்பு பிரதானக் குழாய் வழியாக வடிந்த நீர் இப்போது மட்டம் உயர்ந்து, வீட்டு இணைப்புகளின் மூட்டுகளிலும் மேன்ஹோல் சுவர்களிலும் புகும். உறைக்கும் பழைய குழாய்க்கும் நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும். அதற்குள் ஊர்ந்துவரும் நீர், வெட்டித் திறந்த இணைப்பு வாய்களிலும் மேன்ஹோல் முனைகளிலும் கசிந்து சேரும். எனவே மேன்ஹோல் முனைகளில் நீரில் உப்பும் அடைப்புப் பட்டை, இணைப்பு வாய்களில் தொப்பி வடிவ உறை, மேன்ஹோல் உட்சுவருக்கு அமிலம் தாங்கும் பூச்சு ஆகியவை சேர்ந்தால்தான் வேலை முழுமை.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க, மழையில்லாத நாளில் அதிகாலை 2 முதல் 4 மணிக்குள் மேன்ஹோல் மேன்ஹோலாக ஓட்டத்தை அளந்து வாருங்கள். அந்த நேரத்தில் வீடுகளில் புழக்கம் மிகக் குறைவு. தெளிந்த நீர் சலசலத்து ஓடினால் அது நிலத்தடி நீர்தான். எந்த இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே அளவு தாவுகிறதோ அங்கே தேடுங்கள்.

கேள்வி: பழைய குழாயை உடைத்து அதே இடத்தில் பெரிய குழாயை இழுக்க முடியும் என்கிறார்களே?

முடியும். கூம்பு வடிவத் தலை பழைய குழாயை உடைத்துச் சில்லுகளை மண்ணுக்குள் ஒதுக்கும். பின்னாலேயே பற்றவைத்த பாலிஎத்திலீன் குழாய் வரும். கொள்ளளவு போதாத தெருவுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒதுக்கப்பட்ட மண் எங்காவது போக வேண்டுமே! ஆழம் குறைவாக இருந்தால் சாலை மேலெழும்பும். பக்கத்தில் குடிநீர், எரிவாயு, மின்கேபிள் நெருங்கி ஓடினால் அவை நெரிபடும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி தோண்டித்தான் ஆக வேண்டும். இணைப்புகள் நெருங்கிய கடைவீதியில் தோண்டாத முறை என்ற பெயரே பொருந்தாது. வெயிலில் கிடந்த குழாயை இழுத்தவுடன் முனைகளை வெட்டி மேன்ஹோலில் பூசிவிடக் கூடாது. கட்டுப்பாடில்லாத 100 மீட்டர் பாலிஎத்திலீன் குழாய் 10 டிகிரி குளிர்ந்தாலே 15 முதல் 20 செ.மீ. சுருங்கும். ஒரு இரவு விட்டுவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: "கேமரா எதற்கு, ஆளை இறக்கி ஒரு நிமிடம் பார்த்துவிடலாம்" என்கிறார் ஒப்பந்ததாரர். சம்மதிக்கலாமா?

கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் கொடிய நேரம். அதைவிடப் பல மடங்கு ஏறினால் சில மூச்சுகளில் மயக்கம், மரணம். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே போகிறார். சகதியை மிதித்துக் கலக்கியவுடன் அடைந்திருந்த வாயு வெளியேறும் என்பதால், இறங்குமுன் மட்டும் அளந்தால் போதாது. வாயுவால் வேறு ஆபத்தும் உண்டு. 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் சாக்கடைக்குள் கசிந்த பெட்ரோல் வெடித்து, தெருக்களே பிளந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கேமராவும் ரோபோ வெட்டியும் செய்ய முடிந்த எந்த வேலைக்கும் ஆள் இறங்கவே கூடாது. பெரிய சுரங்கக் குழாய்களில் தவிர்க்க முடியாத நிலை வந்தால், ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரியும் வாயு, வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழ் என்று மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளந்திருக்க வேண்டும். தொடர்ந்து அளக்கும் கருவி உடலில், ஊதுகாற்று, முக்காலியில் கோர்த்த கயிறும் உடற்கச்சையும், மேலே கண்ணை எடுக்காமல் நிற்கும் ஆள்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் மூடியை மூடிவிடுங்கள்.

கேள்வி: முடிந்த வேலையை ஏற்றுக்கொள்ளுமுன் எதைக் கேட்க வேண்டும்? எத்தனை ஆண்டு உழைக்கும்?

வழக்கமாக 50 ஆண்டுக்கு வடிவமைக்கிறார்கள். தடிமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து அழுத்தும் நிலத்தடி நீர். குழாய்க்கு மேல் 3 மீட்டர் நீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 3 டன். எனவே தடிமன் கணக்கைக் கேட்டு வாங்கி, அதில் போட்டிருக்கும் நீர்மட்டம் மழைக்கால மட்டமா என்று பாருங்கள். கோடையில் அளந்த மட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு செல்லாது.

மேன்ஹோலில் வெட்டியெடுத்த உறை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இத்தகைய உறைகளுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1216 என்ற அமெரிக்கத் தரப்படி சாதாரண பாலியெஸ்டர் உறைக்கு வளைவு மீள்மை எண் (வளையாமல் எதிர்க்கும் விறைப்பு) 1,724 மெகாபாஸ்கல், வளைவு வலிமை (வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு) 31 மெகாபாஸ்கல் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். இந்த மாதிரியை ஒப்பந்ததாரரின் ஆள் தனியாகப் போய் எடுத்துவரக் கூடாது. உங்கள் ஆள் முன்னிலையில் வெட்டி, அங்கேயே தேதியும் மேன்ஹோல் எண்ணும் எழுதுங்கள். வேலைக்கு முந்தைய கேமராப் பதிவையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு இணைப்புகளை எண்ணுங்கள். முன்பு 14 இருந்தால் இப்போதும் 14 வாய் திறந்திருக்க வேண்டும். பயன்பாடில்லை என்று மூடியவை இருந்தால், எந்தக் கட்டடம் என்பது எழுத்தில் இருக்கட்டும். அடிப்பகுதியில் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் சுருக்கங்களைச் சீவிவிடச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் பருவம் பார்த்து, இன்னொரு முறை கேமரா விடுவதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.